எப்படித் தெரிந்தது என்று சொல்லாத வானியல்

வெள்ளியில் ஒரு நாள், அதன் ஒரு வருடத்தைவிட நீளம். சனிக் கோளைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். நெப்டியூனில் வைர மழை பெய்கிறது. இரவில் நாம் பார்க்கும் நட்சத்திரங்களில் பல செத்துப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. நியூட்ரான் நட்சத்திரத்தை ஒரு தேக்கரண்டி அள்ளினால் நூறு கோடி டன் எடை இருக்கும். வானியலைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருகிறவருக்குத் தமிழில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான். சிறுவர் இதழின் கட்டச் செய்தி, பொது அறிவுப் புத்தகம், ஒரு நிமிடக் காணொளி, வினாடி வினா மேடை என்று இடம் மாறுகிறதே தவிர வரிகள் மாறுவதில்லை. தொடக்க நிலையினருக்கு வானியலை இப்படித்தான் தர வேண்டும் என்ற எண்ணம் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் பதிப்பாளர்களிடமும் வேரூன்றிவிட்டது. அந்த எண்ணம் தவறு என்பதோடு, அது கெடுதலும் செய்கிறது என்பதே என் வாதம்.

எதிர்த்தரப்பு சொல்வதை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். பாடநூல் வானியலைச் சில பக்க வரையறைகளாக ஆக்கிவிட்டது. தேர்வோடு அது மறந்துபோகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கெப்ளரின் விதியைச் சமன்பாடாக எழுதிக் காட்டினால் அது எழுந்து போய்விடும். எனவே முதலில் ஒரு வியப்பு வேண்டும். வியப்பு ஆர்வத்தைத் தரும், ஆர்வம் வந்தபின் விளக்கத்தைத் தானே தேடிப் படிப்பார்கள். கையில் செல்பேசி இருக்கும் தலைமுறையை இரண்டு வரியில் பிடிக்காவிட்டால் பிடிக்கவே முடியாது. பிள்ளை வானத்தைப் பற்றி எதையாவது படிக்கிறதே, அதுவே பெரிய காரியம் இல்லையா? இப்படிச் சொல்கிறவர்கள் அறிவியலின் பகைவர்கள் அல்லர். பெரும்பாலோர் அதை நேசிக்கிறவர்கள். அதனால்தான் மறுப்பை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1. உண்மையும் பொய்யும் ஒரே வடிவில் வந்தால், படிக்கிறவர் எதை வைத்துப் பிரிப்பார்?

காரைக்கால் அருகே உள்ள திருநள்ளாற்றுக் கோயிலுக்கு மேலே போகும் செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது என்ற செய்தி பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் சுற்றுகிறது. அந்தக் கோயிலுக்குப் போகிறவரின் பக்திக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பக்திக்கு நாசாவின் சான்றிதழ் தேவையும் இல்லை. நான் பார்ப்பது அந்தச் செய்தியின் உருவத்தை. இரண்டு வரி, ஓர் எண், ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர், ஒரு வியப்பு. 'சனி தண்ணீரில் மிதக்கும்' என்ற வரியின் உருவமும் இதுவேதான். ஒன்றை நம்பச் சொல்லிப் பழக்கியவர், அதே உருவத்தில் வரும் இன்னொன்றை நம்பாதே என்று பிற்பாடு எந்த வாயால் சொல்வார்?

செயற்கைக்கோள் ஏன் கீழே விழாமல் இருக்கிறது என்று ஒரே ஒரு முறை சொல்லிக் கொடுத்திருந்தால் கதை வேறு. தாழ்ந்த பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் ஓடுகிறது. அது பூமியை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் விழும் நேரத்தில் பக்கவாட்டில் அவ்வளவு தூரம் போய்விடுவதால், வளைந்த பூமியின் தரை அதற்குக் கீழே விலகிக்கொண்டே போகிறது. அந்த ஓட்டம் நின்றால் அது கல்லைப்போலக் கீழே வரும். மூன்று வினாடிக்குப் பிறகு மறுபடி ஓட வேண்டுமானால் ஏழரை கிலோமீட்டர் வேகத்தைத் திரும்பக் கொடுக்க இன்னொரு ராக்கெட் வேண்டும். செல்பேசிக்கு வழி காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களும் நம் தலைக்கு மேலேதான் போகின்றன. அவற்றின் கடிகாரத்தில் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், ஒளி ஓடும் கணக்கில் அது 300 மீட்டர் பிழை. அவை மூன்று வினாடி நின்றிருந்தால், காரைக்கால் வட்டாரத்தில் வாடகைக்கார் ஓட்டுகிற ஒவ்வொருவரும் அதைக் கவனித்திருப்பார்கள். இந்த விளக்கம் தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவிக்கு அந்தச் செய்தியை மறுக்க யாருடைய துணையும் வேண்டாம். நூறு அதிசயத் தகவல்களை மனப்பாடம் செய்தவரால் அது முடியாது. அவரிடம் நூற்றொன்றாவது தகவல் சேரும், அவ்வளவுதான்.

2. சுருக்கும்போது உதிர்வது அலங்காரம் அல்ல, நிபந்தனை.

2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் பூமிக்கு ஐந்தரைக் கோடி கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கி வந்தது. பல்லாயிரம் ஆண்டுகளில் அவ்வளவு நெருங்கியதில்லை. எழுபத்தைந்து மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு முழுநிலா தெரியும் அளவில் செவ்வாய் தெரியும் என்று அப்போது மின்னஞ்சலில் ஒரு செய்தி பரவியது. அது சரியான செய்தி. கைமாறிப் போனதில் தொலைநோக்கி உதிர்ந்தது, ஆண்டும் உதிர்ந்தது. அதன்பின் வந்த பல ஆகஸ்டுகளில் 'இன்றிரவு வானில் இரண்டு நிலா' என்று அது திரும்பத் திரும்ப வந்தது. யாரும் பொய்யை இட்டுக்கட்டவில்லை. உண்மையைக் குறுக்கியதில் பொய் பிறந்தது.

மேலே தந்த பட்டியலுக்கும் இதே கதிதான். வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அது தன் அச்சில் ஒருமுறை சுழல 243 பூமி நாட்கள், சூரியனை ஒருமுறை சுற்ற 225 நாட்கள். இது உண்மை. ஆனால் நாள் என்று சொன்னால் படிக்கும் பிள்ளை நினைப்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை உள்ள நேரத்தை. அது வெள்ளியில் சுமார் 117 பூமி நாட்கள்தான். அதாவது அங்கே ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய இரண்டு முறை பொழுது விடியும். கோள் எதிர்த்திசையில் சுழல்வதால் வரும் விளைவு இது. அதனால்தான் அங்கே சூரியன் மேற்கில் உதிக்கிறது. பட்டியல் வரி இதைச் சொல்வதில்லை. படிக்கிறவர் மனதில் ஒரு வருடம் முடிந்தும் விடியாத கோள் ஒன்று பதிகிறது. அப்படி ஒரு கோள் அங்கே இல்லை.

இதில் இன்னும் வருத்தம் தருவது, வெள்ளியின் சுழற்சியைக் கண்டுபிடித்த கதை விட்டுப்போவதுதான். அடர்ந்த மேகம் மூடியிருப்பதால் சாதாரணத் தொலைநோக்கியில் அதன் தரை தெரியாது. அது எவ்வளவு நேரத்தில் சுழல்கிறது என்பது நூற்றாண்டுக்கணக்கில் ஊகமாகவே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் பூமியிலிருந்து ரேடியோ அலையை அதன்மேல் எறிந்து, திரும்பி வந்த எதிரொலியைக் கேட்டார்கள். நம்மை நோக்கி வரும் விளிம்பில் பட்ட அலை சற்றே அதிர்வெண் கூடியும், விலகும் விளிம்பில் பட்ட அலை சற்றே குறைந்தும் திரும்பும். அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து, பார்க்கவே முடியாத தரையின் சுழற்சியைக் கணக்கிட்டார்கள். இது 243 என்ற எண்ணைவிடப் பல மடங்கு பெரிய அதிசயம். அதைச் சொல்ல ஐந்து வாக்கியம் போதுமாக இருந்தது.

செத்த நட்சத்திரங்கள் என்பது நிபந்தனை உதிர்ந்ததால் முழுக்கவே தவறாகிப்போன வரி. வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் மிகப் பெரும்பாலானவை சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் இருப்பவை. அவற்றின் ஒளி நம்மை அடைய அதிகமானால் சில ஆயிரம் ஆண்டுகள். நட்சத்திரத்தின் ஆயுளோ, மிகப் பெரியதாக இருந்தால் சில பத்து லட்சம் ஆண்டுகள். சூரியனைப் போன்றது என்றால் ஆயிரம் கோடி ஆண்டுகள். சாகும் தறுவாயில் இருப்பதாக எல்லோரும் சொல்லும் திருவாதிரையையே பாருங்கள். அது வெடிக்க இன்னும் ஒரு லட்சம் ஆண்டு வரை ஆகலாம் என்பது மதிப்பீடு. அதன் தூரமோ ஐந்நூறிலிருந்து எழுநூறு ஒளியாண்டு. அது ஏற்கெனவே வெடித்து, அந்த ஒளி வழியில் வந்துகொண்டிருப்பதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. இன்றிரவு மொட்டைமாடியில் நீங்கள் காணும் நட்சத்திரங்கள் அநேகமாக எல்லாமே இருக்கின்றன. பிள்ளைகளிடம் அவற்றைப் பிணங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வைர மழையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. யுரேனஸ், நெப்டியூன் ஆகியவற்றின் உள்ளே இருக்கும் அழுத்தத்தில் கார்பன் வைரமாக இறுகக்கூடும் என்பது கணிப்பு. அதற்கு ஆதரவாகப் பரிசோதனைக்கூடத்தில் லேசர் கொண்டு செய்த சோதனைகள் உண்டு. நெப்டியூன் அருகே இதுவரை போனது ஒரே ஒரு விண்கலம், 1989இல் வாயேஜர் 2. அது வைரம் எதையும் பார்க்கவில்லை. 'பெய்யக்கூடும்' என்பதற்கும் 'பெய்கிறது' என்பதற்கும் நடுவில்தான் அறிவியல் முழுவதும் இருக்கிறது.

3. கண்டுபிடித்தவரை நீக்கிவிட்டுக் கண்டுபிடிப்பை மட்டும் தருவது களவு.

தேக்கரண்டியில் நூறு கோடி டன் என்ற வரியை யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது? அந்தக் கதை 1967இல் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு வயல்வெளியில் தொடங்குகிறது. ஜோஸ்லின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, பிறரோடு சேர்ந்து கம்பங்கள் நட்டுக் கம்பிகள் இழுத்து ஒரு ரேடியோ தொலைநோக்கியைக் கட்டினார். அது நாளொன்றுக்குச் சுமார் முப்பது மீட்டர் நீளத்துக்குக் காகிதத்தில் கோடு கிறுக்கித் தள்ளும். அதைக் கண்ணால் படிப்பது அவர் வேலை. அந்த நீளத்தில் அரை அங்குலம்கூட இல்லாத ஓரிடத்தில், நட்சத்திரத்தோடும் பொருந்தாமல் மனிதர் உண்டாக்கும் இரைச்சலோடும் பொருந்தாமல் ஒரு சுவடு இருந்தது. அவர் அதை விட்டுவிடவில்லை. மறுபடி மறுபடி பார்த்தபோது, அது கடிகாரத்தின் 24 மணி நேரத்தைப் பின்பற்றாமல் நட்சத்திரங்களைப்போல 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்புவது தெரிந்தது. ஆகவே அது பூமியிலிருந்து வரும் இரைச்சல் அல்ல, வானத்தில் இருப்பது. நவம்பர் மாதம் காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தபோது 1.33 வினாடிக்கு ஒரு துடிப்பு, இம்மியும் பிசகாமல்.

அடுத்த ஆண்டு நண்டு நெபுலாவின் நடுவில் வினாடிக்கு முப்பது முறை துடிக்கும் ஒன்று அகப்பட்டது. அவ்வளவு வேகமாகச் சுழல்வது எதுவாக இருக்க முடியும்? சாதாரண நட்சத்திரமோ வெள்ளைக் குள்ளனோ அந்த வேகத்தில் சுழன்றால் சிதறிவிடும். சிதறாமல் தன்னைத் தானே பிடித்து வைத்துக்கொள்ள, நம் அனுபவத்தில் இல்லாத அடர்த்தி வேண்டும். நியூட்ரான் நட்சத்திரத்தின் தேக்கரண்டிக் கணக்கு வருவது இந்த இடத்திலிருந்து. உண்மையில் அந்தப் பொருளை வெளியே அள்ளவும் முடியாது. அதை அழுத்திப் பிடித்திருக்கும் ஈர்ப்பை நீக்கினால் அது வெடித்து விரியும். கண்டுபிடிப்புக்கான 1974ஆம் ஆண்டு நோபல் பரிசில் பெல்லின் பெயர் இல்லை. நம் பட்டியல்களிலும் இல்லை.

வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு நாம் செய்வது இதற்குக் குறைந்த அநியாயம் அல்ல. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1930இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர், பயணத்தின்போதே வெள்ளைக் குள்ளன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கணக்குப் போட்டார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் நட்சத்திரம் தாக்குப்பிடிக்காது, மேலும் சுருங்கும். 1935 ஜனவரியில் எட்டிங்டன் என்ற பெரிய ஆளுமை சபை நடுவே அதை நிராகரித்தார். கணக்கு சரியாக இருந்தது. உலகம் அதை ஏற்கக் காலம் பிடித்தது. 'நோபல் பரிசு பெற்ற தமிழர், 1983' என்று ஒரு வரியாக அவரைச் சுருக்கி மாணவரை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். எதற்காக அந்தப் பரிசு என்று கேட்டால் அந்த மாணவருக்குத் தெரியாது, பல சமயம் கேள்வி தயாரித்தவருக்கும் தெரியாது.

4. "கணக்கைக் காட்டினால் பிள்ளை ஓடிவிடும்" என்பது சோதிக்காமல் நம்பப்படும் ஒன்று.

சனியின் அடர்த்தியை வகுத்தல் தெரிந்த பிள்ளை போட்டுப் பார்க்கலாம். அதன் நிறை பூமியைப்போல் 95 மடங்கு. அதைச் சுற்றும் நிலாக்கள் எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளில் சுற்றுகின்றன என்பதிலிருந்து கிடைத்தது. கன அளவு பூமியைப்போல் சுமார் 760 மடங்கு. தொலைநோக்கியில் அளந்த விட்டத்திலிருந்து கிடைத்தது. 95ஐ 760ஆல் வகுத்தால் எட்டில் ஒன்று. பூமியின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஐந்தரை மடங்கு. அதில் எட்டில் ஒன்று 0.69. தண்ணீரைவிடக் குறைவு. முடிந்தது. இதில் எந்த அடியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தடுக்கி விழும்? சனி மிதக்கும் என்று சொன்னால் அது கேட்டுக்கொள்ளும். இதைப் போட்டுக் காட்டினால், ஒரு கோளை எடை போட்டுவிட்டோம் என்று அதற்குத் தெரியும். மிதக்கும் என்ற பேச்சு சராசரி அடர்த்தியைப் பற்றியது என்பதும், வாயுவாலான கோளை ஏதோ பந்துபோலத் தொட்டியில் போட முடியாது என்பதும் அந்த இடத்திலேயே புரிந்துவிடும்.

கணக்கே இல்லாத வழிகளும் உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தைக் கடந்து மறைக்க இருந்தது. விமானத்தில் தொலைநோக்கியோடு காத்திருந்த அமெரிக்க வானியலாளர்கள் கண்டது என்ன? கோள் மறைக்கும் முன்னரே நட்சத்திரம் ஐந்து முறை கண்சிமிட்டியது. கோள் விலகியபின் மறுபக்கத்திலும் அதே இடைவெளிகளில் ஐந்து முறை. இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது என்றால் கோளைச் சுற்றி வளையங்கள் இருக்க வேண்டும். ஜவ்வாது மலையில் காவலூர் வான்நோக்கு நிலையத்தில் அதே இரவு அதே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஒளி குன்றியதைப் பதிந்தார்கள். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று மூன்று சொல்லில் முடிப்பதா, அதை எப்படிக் கண்டார்கள் என்று சொல்வதா? எது பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்கும்?

5. எண் பெருகப் பெருக வியப்பு தேய்கிறது.

எம்87 விண்மீன்திரளின் நடுவில் இருக்கும் கருந்துளை 650 கோடி சூரியன்களின் நிறை கொண்டது. 650 லட்சம் என்று அச்சுப்பிழையாக வந்திருந்தால் எத்தனை பேர் கவனித்திருப்போம்? பற்றிக்கொள்ள எதுவும் இல்லாத எண் காதோடு போய்விடுகிறது. மாறாக, பூமிக்கும் நிலாவுக்கும் நடுவே முப்பது பூமிகளை வரிசையாக வைக்கலாம் என்பது சிறிய எண். ஆனால் பாடநூல் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் வரைந்த பூமியையும் நிலாவையும் பார்த்து வளர்ந்தவரை அது உலுக்கிவிடும்.

6. வியப்பு தானாகவே படிப்பாக மாறும் என்று சொல்கிறவர்கள், அது மாறும் வழியைக் காட்ட வேண்டும்.

எதிர்த்தரப்பின் மையமான வாதம் இது, கடைசியில் எல்லாமே இதில்தான் நிற்கிறது. பட்டியலைப் படித்து முடித்த பிள்ளைக்கு அடுத்து என்ன கிடைக்கிறது? இன்னொரு பட்டியல். 'பத்து அதிசயங்கள்' முடிந்தால் 'இன்னும் பத்து'. ஒரு தகவலிலிருந்து அடுத்த தகவலுக்குப் போக அங்கே கேள்வி எதுவும் தேவைப்படுவதில்லை. பிள்ளை செய்ய வேண்டியதும் எதுவும் இல்லை, ரசிப்பதைத் தவிர. வானியல் என்பது அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ யாரோ கண்டுபிடித்து அனுப்பிவைக்கும் சரக்கு என்ற எண்ணமே மிஞ்சுகிறது. தன் ஊரிலிருந்து தன் கையால் வானத்தை அளக்கலாம் என்று அதற்கு யாரும் சொல்வதில்லை.

அளக்கலாம். ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், சென்னையில் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்றவை இந்த நிழலில்லா நாளைப் பல ஊர்களில் மாணவர்களுக்குக் காட்டிவருகின்றன. பத்திரிகைகள் அதையும் ஓர் அதிசயத் துணுக்காகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அதே நாளில் கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் கம்பை நட்டால், அந்த ஊரின் உச்சிவேளையில் தெற்குப் பக்கமாக எட்டே முக்கால் சென்டிமீட்டர் நிழல் விழும். அந்த நிழல் காட்டும் கோணம் ஐந்து பாகை. முழு வட்டம் 360 பாகை, ஆகவே ஐந்து பாகை என்பது வட்டத்தில் 72இல் ஒரு பங்கு. சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் நேர் வடக்கு தெற்காக உள்ள தூரத்தை வரைபடத்தில் அளந்தால் சுமார் 555 கிலோமீட்டர். அதை 72ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு, ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். எரடோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்ததும் இதே வழியில்தான்.

முதல் முறையே விடை இப்படிக் கச்சிதமாக வராது. சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமான வட்டு. அதனால் நிழலின் ஓரம் மங்கலாக இருக்கும். கோணத்தில் அரைப் பாகை தவறினால் விடை சுமார் 36,300க்கும் 44,400க்கும் நடுவே எங்காவது போய் நிற்கும். கம்பு செங்குத்தாக இருக்கிறதா என்று தூக்குநூல் கட்டிப் பார்க்க வேண்டும். உச்சிவேளை கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அல்ல என்பதையும், சென்னையைவிடக் கன்னியாகுமரியில் அது பத்துப் பதினொரு நிமிடம் தாமதமாக வரும் என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். பத்துக் கம்புகளை நட்டுச் சராசரி எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு ஊர்களில் இரண்டு பள்ளிகள், ஆளுக்கொரு கம்பு, ஓர் அளவுகோல், ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அதிசயத் தகவல் பக்கத்தை வாரந்தோறும் நிரப்பும் ஆசிரியர்கள், அடுத்த ஏப்ரலில் ஒரே ஒரு வாரம் அந்த இடத்தை இதற்குக் கொடுக்கட்டும். கோடை விடுமுறை தொடங்குவதற்குள் பள்ளிகள் தயாராக வேண்டுமானால் செய்முறையை மார்ச் மாதமே அச்சிட வேண்டும்.